இன்ஸ்பெக்டர் வேடம் போட்ட எழுத்தாளர்

எழுபதுகளில் சிங்கப்பூரில் ஆண்பிள்ளைக்கு முடி சட்டைக் காலரைத் தொட்டால் போதும், அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். எப்படிப்பட்ட முடி என்று படம் போட்டே சுவரில் ஒட்டியிருந்தார்கள். தெரிந்துதான் நான் முடி வளர்த்தேன். எல்லாம் ஒரு நாவலாசிரியரை நம்பி. யாருக்கும் அடங்காதவர்களைப் பற்றியே எழுதுவார். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில், தோளில் முடி புரள உட்கார்ந்து ஊரையே திட்டுவார்.

ஒருநாள் அத்தை வீட்டு டிவியில் தமிழ் நாடகம். இன்ஸ்பெக்டராக வந்தவர் சாட்சாத் அவரேதான்! ஒட்ட வெட்டிய தலையோடு, முடி வளர்த்த ஒரு பையனின் கன்னத்தில் அறைந்தார்.

மறுநாள் கடைக்குப் போனால் பழைய நீள முடியோடு ஒரு கோப்பைத் தே குடித்துக்கொண்டிருக்கிறார்.

"எப்படிண்ணே?" என்றேன்.

"தொப்பிக்குள்ள சொருகிட்டேன் லா."

நாடகத்தில் அவர் தொப்பியைக் கழற்றியதை நான் பார்த்தேனே! அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே சந்தேகம். "இன்னைக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று சும்மா கேட்டால்கூட, எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்லப் போகிறாரோ என்று தோன்றும்.

எனக்கோ துறைமுகத்தில் வேலைக்கு நேர்முகம் வந்திருந்தது. முடியை வெட்டினால்தான் வேலை. அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். இந்த மனிதர் போலியென்றால் நான் யாருக்காக இந்தப் பாடு படுகிறேன்?

அந்த வாரமே தபால் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அலுவலர் அவர் தலையைப் பார்த்ததும் பின்னால் போகச் சொன்னார். என்னையும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தார்கள்; எழுத்தாளர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். வியர்வையில் நெற்றியோரம் முடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விக்! எங்களுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள்.

"கழட்டிட்டா முதல்லயே போயிடலாமே," என்றேன் குத்தலாக.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பொழப்புக்காக வெட்டிட்டேன் தம்பி. இங்க நிக்கிறதையும் விட்டுட்டா எங்கிட்ட என்ன மிச்சம்?"

நேர்முகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வெட்டிட்டுப் போப்பா," என்றார்.

வெட்டினேன். வேலை கிடைத்தது. அடுத்த முறை தபால் நிலையத்தில் நான் நுழைந்ததுமே கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். சுவரோரம், எல்லோருக்கும் கடைசியில் அவர் நின்றிருந்தார். இதுவும் நடிப்போ என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் படம் பிடிக்க அங்கே யாரும் இல்லை.