சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். ஜெர்மனியில், பீலெஃபெல்டின் புறநகரான எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்குபவர் ஒரு பொலிஸ்காரர். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் நிலானிக்கு வீதி ஒழுங்குகளைச் சொல்லிக்கொடுத்தவர் ஹெர் வேபர்; ‘ஹெர்’ என்றால் இங்கே திரு. நரைத்த மீசை, பச்சை மேலங்கி. தெருவில் கண்டால் அவள் பெயரைப் பிழையாகச் சொல்லிக் கூப்பிடுவார். அவளும் திருத்தமாட்டாள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சந்தியிலும் ஒருகாலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். லைட் இல்லாமல் வரும் சைக்கிள்களை மறிப்பதுதான் அவருடைய பெரிய வேலை. அண்ணன் வாரத்துக்கு ஒருமுறையாவது அவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்கு வருவான். பிறகு பொலிஸ் நிலையத்தைச் சுற்றி மண்மூட்டைகள் வந்தன, அவற்றின் மேல் துவக்குகள் வந்தன. அதைக் கடக்கும் எவரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றானது. ஒருநாள் அப்படி இறங்கிய அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். மாலையில் அப்பா தேடிப் போனபோது சைக்கிள் மட்டும் வேலியில் சாய்ந்து நின்றது. அண்ணன் இன்றுவரை வரவில்லை. அந்த ஏச்சுக்காகவும் அதற்குப் பின்வரும் சிரிப்புக்காகவும் இங்கே எத்தனையோ மாலைகளில் ஏங்கியிருக்கிறேன்.

இந்த நாட்டின் வேறு நகரங்களில் வெளிநாட்டவரை வெறுப்பவர்கள் அகதிகளின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதன்பிறகு எங்கள் தெருமுடிவில் உள்ள அகதிகள் விடுதிக்கு முன்னாலும் காவல் போட்டார்கள். சனிக்கிழமை மகளோடு சைக்கிளில் கடைக்குப் போகையில்தான் அங்கே நின்ற பொலிஸ்காரரைப் பார்த்தேன். தலைக்கவசம், மார்பை மூடிய தடித்த அங்கி, தோளில் இயந்திரத் துப்பாக்கி. நிலானி கையை ஆட்டிவிட்டு அவரைக் கடந்து போனாள். நான் இறங்கிவிட்டேன். யோசித்து இறங்கவில்லை. தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டினேன்.

“வைட்டர்ஃபாரன்” என்றார். ஓட்டிக்கொண்டே போகலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்கோ அது மறிப்பதாகக் கேட்டது. கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினேன். கவசத்துக்குள் நரைத்த மீசையை அப்போதுதான் கண்டேன். ஹெர் வேபர் அட்டையைத் தொடவில்லை. துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, உங்களைப் பாதுகாக்கத்தான் நிற்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். அது உண்மையென்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவருக்கு முன்னால் சைக்கிளில் ஏற என்னால் முடியவில்லை.

வளைவுவரை நடந்தேன். ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நிலானி அங்கே காத்து நின்றாள்.

“இனி ஏறுங்கோ அம்மா. இங்கயிருந்து அவருக்குத் தெரியாது.”

ஏறினேன். அவள் தன் தெருவில் விரைந்து மிதித்துப் போனாள். நான், பின்னால் இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மெதுவாக மிதித்தேன்.