பாலாவி – ஆலங்குடா பஸ்ஸில் ஹனாவின் மாஸ்க்

என் பேத்தி ஹனாவுக்கு ஆறு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வராது, மூச்சு இளைப்பும் உண்டு. வரும் திங்கட்கிழமை ஆலங்குடாவில் பாடசாலையில் சேர்கிறாள். வீதி வேலை நடப்பதால் வழியில் தூசு. மாஸ்க் இல்லாவிட்டால் மூச்சு இழுக்கும். அதனால் கடந்த சனிக்கிழமை ஒத்திகையாக அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். இப்படிப் பிள்ளைகளோடு பயணம் செய்கிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன். பயன்படுமா என்பது எனக்கே சந்தேகம்தான்.

ஆயத்தத்துக்கு இரண்டு மாதம் எடுத்தது. காதை இழுக்கும் நாடா அவளுக்கு ஆகாது. தொப்பியில் இரண்டு பொத்தான் தைத்து அதில் மாட்டினோம். உட்பக்கம் அவளுடைய தலையணை உறைத் துணி. முதலில் கையில் வைத்துப் பழக்கினோம், பிறகு வாய்க்குக் கீழே நாடியில், பிறகு மூக்கின்மேல். விதி ஒன்றுதான்: கழற்றுவது அவள் மட்டும். நினைத்தவுடன் கழற்றலாம் என்று தெரிந்ததால்தான் அவள் போடவே சம்மதித்தாள்.

காலை 8.10க்குப் பாலாவியில் கற்பிட்டி போகும் பஸ்ஸில் ஏறினோம். தூசுள்ள பகுதி இருபது நிமிடம். அரை மணி நேரம் அவள் தாங்குவாள். நானும் மாஸ்க் போட்டிருந்தேன்.

“என்ன ஹாஜியார், கொரோனா இன்னும் உங்களோடதான் திரியுதா?” என்றார் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஹனா மாஸ்க்கோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின் சீட்டில் இருந்த பெண் எட்டிப் பார்த்தார். “யா அல்லாஹ், புள்ளைக்கு மூச்சு முட்டுமே!” என்றபடி கையை நீட்டி மாஸ்க்கை இழுத்துவிட்டார்.

ஹனா அலறினாள். ஜன்னலில் தலையை மோதினாள். மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தாள். ஒரு லொறி தூசைக் கிளப்பிக்கொண்டு போனது. இருமல் தொடங்கியது, இளைப்புக்கான பம்ப் அடித்தேன்.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்!” என்றார் அவர்.

“புள்ளய வளக்கத் தெரியா,” என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

என் முகத்திலும் மாஸ்க் இருந்தது. அதில் அந்தப் பெண் கை வைத்தாரா? வைக்கமாட்டார். பேசாத பிள்ளையின் முகம் மட்டும் ஊருக்குப் பொதுவா? இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் செய்யலாமா?

ஆலங்குடாச் சந்தியில் நாங்கள் இறங்கும்போது அந்தப் பெண் இனிப்பு டொபி ஒன்றை நீட்டினார். “புள்ளைக்காக துஆ செய்றேன் ஹாஜியார்.”

“செய்ங்க. ஆனா கை வைக்காதீங்க,” என்றேன். வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் நான் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

திரும்பி வர முச்சக்கரவண்டிக்கு 4,000 ரூபாய். தினமும் கட்டாது, பஸ்தான் வழி. பிள்ளையை ஜன்னல் பக்கம் வையுங்கள். பின் சீட்டில் உங்கள் ஆள் ஒருவர் இருக்கட்டும். ஏறியவுடன் கொண்டக்டரிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்; நான் கூச்சத்தில் சொல்லவில்லை.

ஹனா இப்போது மாஸ்க்கைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறாள். திங்கட்கிழமை அவள் போடுவாளா தெரியாது. போட்டாலும் போடாவிட்டாலும், பஸ் புறப்படுமுன் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன்: இந்தப் பிள்ளையின் முகத்தை யாரும் தொடவேண்டாம்.