செல்லாத ஓட்டு அழகப்பன்

சிராங்கூன் ரோட்டில் அழகப்பன் என்று விசாரித்தால் மூன்று பேரைக் காட்டுவார்கள். மில் அழகப்பன் என்றால் ஒரே ஒருவர். ஐம்பத்தொன்பதாம் வருடத் தேர்தலுக்குப் பிறகு அந்தப் பெயரும் மாறி, செல்லாத ஓட்டு அழகப்பன் ஆனார். ஜெயித்தவனுக்குப் பட்டம் கொடுக்க நம்மவர்கள் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, பொன்னாடைக்கு வசூலிக்க வேண்டியிருக்கும். தோற்றவனுக்கு ஒரு கோப்பி ஆறுவதற்குள் கொடுத்துவிடுவார்கள்.

மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கிற மில்லில் அவருக்கு வேலை. இயந்திரம் ஓடும்போது கத்தினால்தான் காதில் விழும். வருடக்கணக்காகக் கத்திப் பழகியதில் கோயிலிலும் சாவு வீட்டிலும் அதே குரல்தான். இயந்திரத்தின் அதிர்வு கைக்கும் ஏறிவிட்டது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் வலது கை லேசாக நடுங்கும். அவரிடம் ரகசியம் சொல்லலாம், தப்பில்லை. அவர் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐம்பத்தேழில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று அறிவித்தபோது முதல் ஆட்களில் ஒருவராக வரிசையில் நின்றார். கொடுத்த தாளைக் கண்ணாடி போட்டு மாட்ட ஆசை. "வீடு பூரா மொளகாத்தூளு. ஒரு மாசத்துல உங்க குடியுரிமை செவந்து போயிரும்" என்று மனைவி தங்கம் அதை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டாள். அதுவரை அழகப்பனை எண்ணியவர்கள் கப்பல்காரர்களும், தொற்றுநோய் முகாம்காரர்களும், ஜப்பான்காரர்களும். எண்ணினார்களே தவிர ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

"இந்தத் தடவை என்னைக் கேக்கப் போறாங்க தங்கம். யாரு ஆளணும்னு என்னைக் கேக்கப் போறாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"நான் ஒண்ணு கேட்டேனே, மண்ணெண்ணெய். அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றாள் தங்கம்.

தேர்தல் வந்தது. ஜவுளிக்கடை நாகூர் கனி சுயேச்சையாக நின்றார். தொகுதியில் பாதிப் பேர் அவர் கடைக்கு வருகிறவர்கள். துணியை விரித்துக் காட்டும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள் எல்லாம் ஓட்டுப் போடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. துணி வாங்காமல் போகிறவர்களும் சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள் என்பதை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை.

முதன்முறையாக ஓட்டுப் போடுவது கட்டாயம் ஆகியிருந்தது. ஓட்டுச் சீட்டையே கண்ணால் பார்க்காத பெண்களும் கிழவர்களும் போயாக வேண்டும். யார் சொல்லிக்கொடுப்பது? மிளகாய் அரைக்காத வீடு கிடையாது. கனி மில்லுக்கு வந்தார்.

"அழகப்பா, ஒன் கையிலதான் இருக்கு. பெருக்கல் குறி எங்க போடணும்னு சொல்லிக் குடுத்துரு. ஒன் கொரலு ஒண்ணே போதும், மைக்செட்டு செலவு மிச்சம்."

"முதலாளி, ஒரு ஓட்டு வீணாகாது. நான் பொறுப்பு!"

மாவு கட்டிக்கொடுக்கிற காகிதப் பைகளைப் பிரித்து, அதில் கட்டம் போட்டு, கனியின் சாவிச் சின்னம் வரைந்து அழகப்பன் பாடம் நடத்தினார். மிளகாய் நெடியில் ஆசிரியரும் மாணவர்களும் தும்மிக்கொண்டே படித்தார்கள். ஒவ்வொரு மாதிரித் தாளிலும் அவர் முதலில் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டார். பிறகு கட்டம், பிறகு குறி. சுழி போடுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. மளிகைச் சீட்டுக்குப் போடுகிறோம், வண்ணான் கணக்குக்குப் போடுகிறோம். ஆட்சியை முடிவு செய்கிற தாளை மொட்டையாகவா விடுவது? பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி அன்னம்மாவும் மற்றவர்களும் அவர் காட்டியதைக் காட்டியபடியே மனப்பாடம் செய்தார்கள்.

வாக்கு எண்ணும் இடத்துக்குக் கனியின் சார்பில் அழகப்பனே போனார். இரண்டு தரப்பு அடுக்குகளும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து வளர்ந்தன. அதிகாரி சில தாள்களைத் தனியே எடுத்து வைத்தார். அப்படி எடுத்ததில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன, தூண்டில் முள்ளா?"

அழகப்பன் மேசைக்குத் தாவினார். "அது பிள்ளையாருங்க ஐயா! நம்ம ஓட்டுதான்! சாவியிலதான் குத்தியிருக்கு பாருங்க!"

ஓட்டுப் போட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எழுத்தோ குறியோ சீட்டில் இருந்தால் அது செல்லாது என்று அதிகாரி விதியைப் படித்துக் காட்டினார். பிள்ளையார் சுழி போட்டவை பதினான்கு. 786 என்று தலைப்பில் எழுதியவை நான்கு. பதினெட்டுமே கனிக்கு விழுந்தவை. கனி தோற்றது ஏழு ஓட்டில்.

அடுத்த நாளே தெரு இரண்டானது. செல்லும் என்பது ஒரு கட்சி, செல்லாது என்பது இன்னொன்று. கோப்பிக்கடையில் இரு தரப்பும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து, ஒரே ஆள் ஆற்றிய தேநீரைக் குடித்துவிட்டு ஒருவரையொருவர் தேசத்துரோகி என்றார்கள். பாய் முடையும் அப்துல் கையூம் செல்லும் கட்சி.

"கோர்ட்டுல இந்தத் தொகுதி நம்ம பக்கம் திரும்பட்டும்லா. இதைப் பாத்து இன்னும் பத்துத் தொகுதியில கேஸ் போடுவான். அத்தனையும் திரும்பும். கவர்மெண்டே மாறிரும்."

"மாறினா ஒனக்கு என்ன இலாகா?" என்றது எதிர் மேசை.

"சிரிங்கடா. வீட்டுவசதி எனக்கு. மொதல்ல ஒன் வீட்டு முன்னாடிதான் கக்கூஸு."

கனி தேர்தல் வழக்குத் தொடுத்தார். அழகப்பன் அவர் கடைக்கு ஓடினார். தன் ஓட்டும் அந்தப் பதினெட்டில் கிடக்கிறது. தன்னை நம்பிப் போட்ட பதின்மூன்று பேருடையதும் கிடக்கிறது. அன்னம்மா மிளகாய் அரைக்க வரும்போதெல்லாம், "ஏன் தம்பி, என்னுதை எண்ணிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இயந்திரத்தை வேகமாக முடுக்கிவிட்டுக் கேட்காததுபோல் நின்றாலும், அவள் அரைத்து முடியும் வரை நின்று மறுபடி கேட்கிறாள்.

வக்கீல் இங்கிலாந்தில் படித்த தமிழர். அழகப்பனுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

"இந்தச் சுழியை எல்லாரும் போடுவாங்க. எல்லாரும் போடுற குறியை வச்சு யாரு போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியாது. யாருன்னு தெரியாட்டி ஓட்டு செல்லும். அவ்வளவுதான் நம்ம கேஸ். வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சொல்லிட்டா என் ஓட்டை எண்ணிருவாங்களா சார்?"

"எண்ணிருவாங்க."

"அன்னம்மா அக்காவோடதும்?"

"பதினெட்டும்தான். மெதுவாப் பேசுங்க, பக்கத்து அறையில வேற கேஸ்காரங்க இருக்காங்க." பிறகு வக்கீல் கனியின் பக்கம் திரும்பினார். "அந்த 786 நாலுல உங்களுது ஒண்ணும் இல்லையே, மிஸ்டர் கனி?"

கனி மேசையில் கிடந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். "நான் வியாபாரி சார். தலைப்புப் போடாம ஒரு பில்லு எழுதினதில்ல."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய வெகுநேரமாயிற்று.

வழக்கு நாளன்று அழகப்பன் நன்றாகத்தான் சொன்னார். கல்யாணப் பத்திரிகைக்கும் போடுவோம், கடிதத்துக்கும் போடுவோம், எல்லோரும் போடுவோம், எல்லாம் ஒரே சுழிதான். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். கனியின் முகத்தில் தேர்தலுக்குப் பின் முதல்முறையாக வெயில் அடித்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கமாட்டேன், கேட்கவும் கூடாது என்று மரியாதையாக ஆரம்பித்தார். பதினான்கு தாள்களும் மேசைமேல் வரிசையாக விரிக்கப்பட்டன. "எல்லாம் ஒரே மாதிரி என்கிறீர்கள். நன்றாகப் பார்த்துவிட்டே சொல்லுங்களேன்."

அழகப்பன் குனிந்து பார்த்தார். சுழி, சுழி, சுழி. மூன்றாவது தாளில் சுழியின் வால் நேராகப் போகாமல், எறும்பு ஊர்ந்ததுபோல் நெளிந்து நெளிந்து ஓரம்வரை போயிருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை மாதமாகத் தேடிய பொருள் கண்ணெதிரே கிடக்கிறது. கிழியவில்லை, கசங்கவில்லை.

"அதோ! மூணாவது! அது என்னுது ஐயா! என் கை நடுக்கம்!" மில் குரல் நீதிமன்றத்தின் கூரையில் போய் முட்டியது. "பக்கத்துல இருக்கிறது அன்னம்மா அக்காவோடது. நான்தான் கையைப் பிடிச்சுப் போடப் பழக்கினேன், அதான் வட்டம் பெரிசு! எண்ணிக்கங்க ஐயா, ரெண்டையும் எண்ணிக்கங்க!"

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பிறகு சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டியதைச் செய்தார். எதிர்த்தரப்பு வக்கீல், வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். கனியின் வக்கீல் முன்பே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

இப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறி எதுவும் செல்லாது என்று நீதிபதி சொல்ல, மனு தள்ளுபடி ஆனது. வெளியே படிக்கட்டில் கனி அழகப்பனைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன காரியம் பண்ணினே அழகப்பா!"

"என் ஓட்டு முதலாளி. கண்ணுக்கு நேரா கெடந்துச்சு. என்னுது இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"யாரு ஒன்னை இல்லைன்னு சொல்லச் சொன்னா? சும்மா இருக்கச் சொன்னோம்."

"சும்மா இருந்தா அது யாரோடதோ ஆயிருமே."

கனி கையைக் காட்டி ஒரு டாக்சியை நிறுத்தினார். தனியே ஏறிப் போனார். அழகப்பன் சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தே வந்தார்.

செல்லும் கட்சி அன்றே கலைந்தது. அப்துல் கையூம் எதிர் மேசைக்கு மாறி, அங்கே மில்காரனைப் பற்றி எல்லோரையும்விடக் காரமாகப் பேசினார். ஜெயித்தவரிடம் கைநீட்டித்தான் அழகப்பன் சுழி சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை கிளம்பியது. கைநீட்டியிருந்தால் இந்நேரம் மில்லையே வாங்கியிருக்க மாட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. நல்ல கதையை யார் கெடுப்பார்கள்? அன்னம்மா மட்டும் ஒருநாள் வந்து, "என் கையைப் பிடிச்ச விஷயத்தைக் கோர்ட்டுலயா சொல்லணும்? மருமக மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றாள். ஓட்டைப் பற்றி அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. மிளகாயை வேறு மில்லுக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த வருடம் சமூக நிலையத் திறப்பு விழாவில் ஜெயித்தவருக்கு முதல் மாலை போட்டவர் நாகூர் கனி. மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று பேசினார். அவர் கடைத் துணிதான் மேடைக்குத் தோரணம்.

அறுபத்து மூன்றில் மறுபடி தேர்தல். அழகப்பன் போனார். சீட்டைக் கையில் வாங்கியதும் வலது கை தன்னால் தாளின் உச்சிக்கு ஏறியது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கினார். குறி போட்டார், மடித்தார், பெட்டியில் போட்டார். ஆள் கிடைக்காத ஒரு சுயேச்சை கேட்டுக்கொண்டதால் எண்ணுகிற இடத்துக்கும் போனார். அடுக்கடுக்காக ஓட்டுகள். எல்லாவற்றிலும் ஒரு பெருக்கல் குறி. மேசையோரம் நின்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். குனிந்து பார்க்காதீர்கள் என்று அதிகாரி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சுயேச்சை நாலாயிரம் ஓட்டில் தோற்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கம் கேட்டாள்: "இந்தத் தடவையாவது எண்ணினாங்களா?"

"எண்ணியிருப்பாங்க."

"இருப்பாங்கன்னா? நீங்கதான் அங்கேயே நின்னீங்களே?"

"நின்னேன்." குரல் அதிசயமாகத் தணிந்திருந்தது, தங்கம் கிட்டே வந்து கேட்க வேண்டியிருந்தது. "அவ்வளவு தாளுல என்னுது எதுன்னு தெரியலை தங்கம்."

அவள் சோற்றை எடுத்து வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார்.