பதினொரு கொக்கிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. நீலாம்பாள் அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். யூதர் வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடிந்ததும் துக்கக்காரர்கள் முதலில் சாப்பிடுவது வெந்த முட்டையும் பருப்பும். அதையும் வெளியாள் கையால்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். முன்னறையில் கிழவி ரெபேக்கா, யூதர் துக்க முறைப்படி ரவிக்கையின் கழுத்தைக் கிழித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் இலியாகுவைத்தான் அன்று காலை மிங்கலா தாங்ஞுன்ட் யூதர் இடுகாட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். நீலாம்பாளின் புருஷன் சின்னத்தம்பியும் தோள் கொடுக்கப் போயிருந்தான்.

கோச்சுவண்டி சாதிக் பாட்சா கொல்லைப்பக்கமாக வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை இடுப்புவரை சிவப்பாக இருந்தது.

"நீலா, அடுப்பை அணைச்சிரு."

"யாரு ரத்தம் இது?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அவளுக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலு வருஷமாக எதிர்பார்த்த ரத்தம்தான்.

சின்னத்தம்பி ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் அரிசி மூட்டை சுமந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில், ஒரே படகை இறக்குவதற்கு இரண்டு கோஷ்டிகள் வந்து நின்றன. பேச்சு முற்றிக் கைகலப்பானது. மூட்டை தூக்கும் கொக்கியை சின்னத்தம்பி எதிராளியைப் பார்த்து வீசினான். விலக்கிவிட நடுவில் பாய்ந்த இருளப்பனின் காதுக்குக் கீழே அது இறங்கியது. இருளப்பன் அவனுடைய பக்கத்து ஊர்க்காரன், அடிக்கவும் வராதவன். கொக்கியோடு நாலு எட்டு நடந்து பலகையில் விழுந்தான். ரத்தம் சிந்திய அரிசியைக் கூட்டி ஆற்றில் தள்ளினார்கள்.

இன்சீன் சிறையில் மூன்று வருஷம். வெளியே வந்த அன்று சிறை வாசலிலேயே இருளப்பனின் தம்பி கொம்பையா அரிவாளோடு காத்திருந்தான். முதல் வெட்டு தோளில் எலும்புவரை போனது. சின்னத்தம்பி ரயிலடி வழியாக ஓடி, நீலாம்பாள் சமையல் வேலை பார்த்த வீட்டின் இரும்புக் கதவுக்குள் வந்து விழுந்தான். இலியாகு கொச்சியிலிருந்து வந்த யூதர்; கப்பல் கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். துரத்தி வந்த கொம்பையாவின் முகத்துக்கு நேரே கதவை அடைத்துப் பூட்டினார்.

"கிழவா, அவனை வெளியே விடு."

"எடா, இது என்டெ வீடு. உள்ளே வந்தால் போலீஸ். வெளியே அவன் வந்தால் உன் பாடு, அவன் பாடு."

கொம்பையா எதிரே மாட்டுவண்டிப் பேட்டையில் வேலை தேடிக்கொண்டான். அமாவாசைக்கு அமாவாசை ஒரு மூட்டைக் கொக்கியை இரும்புக் கதவின் கம்பியில் மாட்டிவிட்டுப் போவான். போகும்போது குரல் கொடுப்பான்.

"மச்சான், யூதன் வேட்டிக்குள்ள இன்னும் எத்தனை நாளு?"

ஒரு மாதம் கொக்கியில் வீட்டு நாய் தொங்கியது. சின்னத்தம்பி அதை இறக்கிப் புதைத்தான். கொக்கியைக் கழுவி மற்றவற்றோடு வைத்தான்.

வீட்டில் அவனுக்கு வேலை விளக்கேற்றுவது. வெள்ளி பொழுது சாய்ந்தால் யூதர்கள் நெருப்பைத் தொடக்கூடாது, சனி இருட்டும்வரை பேனாவையும் தொடக்கூடாது. கிழவருக்கோ சனிக்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தென்றால் உயிர். எழுது என்று சொல்வதும் குற்றம் என்பதால் அவர் விடையை வானத்தைப் பார்த்துச் சொல்வார். மூட்டைக்குக் குறி போட்டுப் பழகிய சின்னத்தம்பி, காதில் விழுந்த எழுத்தைக் கட்டத்தில் போடுவான். ஏதோம், மோவாப், ஆராம் என்று பழைய செமித்திய ஜனங்களின் பெயர்கள் அடிக்கடி வரும்.

"இவங்கள்ளாம் யாருங்கய்யா?"

"எல்லாம் சொந்தக்காரர்தான். ஒருத்தனை ஒருத்தன் வெட்டித் தீர்த்தார்கள்."

"நம்ம படகுத்துறை கணக்காத்தான் இருக்கு."

ஒரு சனிக்கிழமை விடையாக ஹெப்ரோன் வந்தது. அடைக்கலப் பட்டணம் என்றார் கிழவர். கைதவறிக் கொன்றவன் ஓடி ஒளிய மோசே ஆறு ஊர்களை ஒதுக்கினாராம். ஊர் எல்லைக்குள் பழிவாங்குகிறவன் தொடக்கூடாது. எல்லை தாண்டினால் வெட்டலாம், கேள்வியில்லை.

"சாகுறவரைக்கும் உள்ளேயேவா?"

"அவன் சாகிறவரை இல்லை. தலைமைக் குரு சாகிறவரை. குரு செத்தால் அவனுக்கு விடுதலை. ஊருக்குப் போகலாம், ஒருத்தன் கைவைக்கக் கூடாது."

"இங்க குரு யாருங்க?"

கிழவர் தாடி குலுங்கச் சிரித்தார். "வேறே ஆளில்லையே. நான்தான்."

"எனக்கு அவசரம் இல்லீங்கய்யா."

அந்த ஒரு வேடிக்கைப் பேச்சை சின்னத்தம்பி மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான் என்பது அன்று நீலாம்பாளுக்குத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் கிழவர் பேப்பர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "கோலான். அதுவும் அடைக்கலப் பட்டணம்" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். சின்னத்தம்பிக்குப் பென்சில் முனை ஒடிந்தது. சீவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தான். கிழவரின் தலை மேஜையில் விழுந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது.

இன்று காலை பாடை கிளம்பும்போது, சின்னத்தம்பி பதினொரு கொக்கிகளையும் சாக்கில் கட்டித் தோளில் போட்டிருந்தான். நீலாம்பாள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"போவாதய்யா. தூக்க ஆளு இருக்கு."

"குரு செத்தா விடுதலை. பெரியவரே சொன்னாரு."

"அந்தப் பொஸ்தகத்தைக் கொம்பையா படிச்சானா?"

"படிக்காட்டி நான் சொல்றேன். இதையெல்லாம் அவன்கிட்ட குடுத்துட்டு, நின்னு சொல்றேன். தெருவைப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு நீலா."

சட்டையை அவன் பிய்த்துக்கொண்டு போகவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனான்.

மீதியை சாதிக் பாட்சா சொன்னார். குழியில் சின்னத்தம்பி மூன்று பிடி மண் போட்டான். இடுகாட்டு வாசலில் எல்லோரோடும் குழாயில் கை கழுவினான். அங்கே கொம்பையா நின்றிருந்தான். சின்னத்தம்பி சாக்கை அவன் காலடியில் வைத்தான்.

"சொன்னாம்மா. மோசே, ஆறு ஊரு, குரு, எல்லாம் சொன்னான். அவனும் குறுக்கே பேசாம கேட்டான். கேட்டு முடிச்சிட்டு, 'எங்கண்ணன் திரும்பி வர எந்தக் குரு சாகணும் மச்சான்?'னான்."

கொம்பையா குனிந்து சாக்கிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தான். காதுக்குக் கீழே, அதே இடத்தில், இழுத்தான். பிறகு அடுத்ததை எடுத்தான். சாதிக் பாட்சா சாட்டையால் அடித்தார், கைத்தடிகளால் கிழவர்கள் அடித்தார்கள். நாலாவது கொக்கிக்குப் பிறகுதான் அவன் நின்றான். கை கழுவுகிற குழாய் அதுவரை திறந்தே கிடந்தது. கொம்பையா அதில் முகத்தைக் கழுவிக்கொண்டு, போலீஸ் வரட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்தான்.

நீலாம்பாள் அழவில்லை. முன்னறைக்குப் போனாள். தரையிலிருந்த ரெபேக்கா, சட்டி கருகும் வாசனையை முகர்ந்திருந்தாள், பேச்சையும் கேட்டிருந்தாள். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். நீலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்ததும், கிழவி அவளுடைய ரவிக்கைக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துவிட்டாள்.

முட்டையும் பருப்பும் அண்டை வீட்டிலிருந்து வந்தன. இருவருக்கும் வந்தன.

மேஜையில் நேற்றைய பேப்பர் அப்படியே விரிந்திருந்தது. கோலானுக்கு ஐந்து கட்டங்கள். மூன்றில் சின்னத்தம்பியின் மூட்டைக்குறி எழுத்து இருந்தது. பக்கத்தில் பென்சில், பாதி சீவியபடி கிடந்தது.