இல்லை என்று ஆடிய தலை

அன்று அந்த வகுப்பில் இருந்தது நாற்பத்து மூன்று பேர்: நாற்பத்தொரு பிள்ளைகள், கையில் மர ஸ்கேலோடு ஓர் ஆசிரியர், சிறுவர் கதை எழுதுகிறவன் என்று பூந்தமல்லிக்கு அழைக்கப்பட்டிருந்த நான்.

ஆறாவதோடு படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியரோ, "எம்.ஏ. படித்தவர்" என்று என்னை அறிமுகம் செய்தார். பள்ளியின் அழைப்புக்குப் போட்ட பதில் கடிதத்தில் நானே எழுதிய பொய்.

என் புத்தகத்தை வாங்கியிருந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"சார், எங்க நைனாவும் உங்க கம்பெனிதான். நீங்க ஆறாவதுதான்னு சொல்லிச்சே?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் என்னைப் பார்த்தார். "நெஜமா சார்?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"பெரியவங்களப் பத்திப் பொய்யாடி சொல்றே?"

ஸ்கேலின் விளிம்பு அவள் விரல் முட்டிகளில் இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் "நெஜந்தான் சார்!" என்று கத்தினாள். அப்படிக் கத்தியதற்காகவே இன்னும் விழுந்தது. ஸ்கேல் உடைந்தது. உடைந்த துண்டாலும் அடித்தார். தோல் பிய்ந்து ரத்தம் என் புத்தக அட்டையில் சொட்டியது.

மணி அடித்ததும் வாசலில் மறித்துப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"எங்க நைனா பொய் சொல்லாது. புக்கு வேணாம், துட்டக் குடுங்க."

பள்ளியில் கொடுத்த ஐம்பது ரூபாய் நோட்டுதான் இருந்தது. "சில்லறை இல்லம்மா, அப்புறம் தரேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஆறாவது என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன். அந்தப் பள்ளிக்கு மட்டும் போகத் துணிவில்லை. அவளுக்குத் தர வேண்டிய பாக்கி, மூன்று ரூபாய்.