சில்க்போர்க்கில் வசிக்கும் சனாதிபதி

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்கு டென்மார்க்கின் வைலே நிலையத்தில் ரயில் ஏறினேன். சில்க்போர்க்குக்கு நேர் ரயில் இல்லை. ஓர்ஹூஸ் போகும் ரயிலில் ஏறி, ஸ்கண்டர்போர்க்கில் இறங்கி மாற வேண்டும். ஒருவழிக் கட்டணம் நூறு குரோனருக்கு மேல். இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை, தங்கையிடம் வந்த முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன்.

என் தங்கை ஜெனிற்றா விடியவே காரில் வேலைக்குப் போய்விட்டாள். சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. முதல்நாள் மீன்குழம்பு வைத்தபடியேதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, எங்கட இடத்தில ஒரு அப்பு இருக்கிறார். உங்களை மாதிரிச் சட்டத்தரணி. பிறகு ஒரு நாட்டுக்கே சனாதிபதியாவும் இருந்தவர். நாளைக்கு அவரைத் திருப்பிக் கூப்பிட அந்த நாட்டுத் தூதரகத்து ஆள் வருது. சட்டத்தரணியளைக் கண்டால் அவருக்குச் சந்தோசம். நீங்களும் வாங்கோ. அவரின்ர மகளிட்டக் கேட்டிட்டன்."

மன்னார் நீதவான் நீதிமன்றத்தில் முப்பது வருடமாக வழக்காடுகிறேன். ஒரு சனாதிபதியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கண்டர்போர்க்குக்குப் பிறகு வண்டி சின்னது, வேகமும் குறைவு. றீ, லாவன், ஸ்வைபெக் என்று சிறு நிலையங்கள். ஒரு பக்கம் அப்போதுதான் துளிர்த்த காடு, மறுபக்கம் ஏரி. எதிரே இருந்த டெனிஷ் அம்மா எங்கிருந்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மன்னார் ஒரு தீவு என்றேன். அங்கேயும் இப்படித் தண்ணீர் அமைதியாக இருக்குமா என்றார். சில மாதங்களில் இருக்கும் என்றேன்.

பத்து மணிக்கெல்லாம் சில்க்போர்க். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வேலை உடுப்போடு வாசலுக்கு வந்து ஜெனிற்றா கூட்டிப்போனாள்.

அவர் பெயர் மானுவல். மேற்கு ஆபிரிக்காவில், போர்த்துக்கேயர் ஆண்ட சிறிய நாடு ஒன்று அவருடையது. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் எலேனா கேட்டுக்கொண்டாள். ஒடென்சேயில் ஆசிரியையாக இருக்கும் அவள், தகப்பனைப் பார்க்க வாராவாரம் வருகிறவள். அவர் கதையை அவள் ஆங்கிலத்தில் சொல்ல, தாழ்வாரத்தில் நின்று கேட்டேன்.

வெளிநாட்டில் சட்டம் படித்துத் திரும்பியவர், பணக்காரர் வழக்குகளை விட்டுவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு வாதாடியிருக்கிறார். அதற்காகப் பொலிஸ் தலைவன் ஒருவன் அவரைப் பிடித்து அடைத்தான். இடது காது கேளாமல் போனது அந்தச் சிறையில்தான். பிறகு புரட்சி வந்தது. இளம் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். சனங்கள் நம்பும் ஒரு முகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சிறைக்கதவைத் திறந்து நேரே மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மழைக்காலத்தில் அவர்தான் நாட்டின் தலைவர்.

அந்த மழை முடியுமுன், காதைக் கெடுத்த அதே பொலிஸ் தலைவனுக்குப் புரட்சி நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. விசாரணையில் அவனுக்காகப் பேச ஒருவரையும் அனுமதிக்கவில்லை. சனாதிபதி கையெழுத்து வைத்தால் போதும். மானுவல் மறுத்துவிட்டார். முதலில் ஒரு சட்டத்தரணியை வைத்து அவனை மறுபடி விசாரியுங்கள் என்றார். அதிகாரிகள் கெஞ்சினார்கள், பிறகு மிரட்டினார்கள், கடைசியில் அவரையும் மனைவியையும் கைக்குழந்தை எலேனாவையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த நாளே அவனைச் சுட்டுக்கொன்றார்கள்.

டென்மார்க் இடம் கொடுத்தது. அவருடைய சட்டப் படிப்பு இங்கே உதவவில்லை. ஓய்வுபெறும்வரை ஒரு காகிதத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இப்போது மறதி நோய். டெனிஷ் முழுவதும் போய், போர்த்துக்கேய மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. மனைவி இறந்ததும் நினைவில்லை, நாட்டை ஆண்டதும் நினைவில்லை.

"பிறகு நீ எப்படிக் கதைக்கிறாய்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"தமிழிலதான்," என்றாள். ஒருநாள் தன்பாட்டில் "கதிரையில இருங்கோ அப்பு" என்றிருக்கிறாள். அவர் உடனே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கதிரை, மேசை, யன்னல், பாண், துவாய், சப்பாத்து. போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் எல்லாம் அவருக்கு விளங்கின. அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட இவளுக்கு அது போதுமாக இருந்தது.

அறைக்குள் போனோம். மெலிந்த உயரமான மனிதர் யன்னலோரம் இருந்தார். வெள்ளைச் சேர்ட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். ஜெனிற்றா என்னைக் காட்டி, "அட்வொகாதா" என்றாள். பெண் சட்டத்தரணிக்கு எலேனா சொல்லிக்கொடுத்த சொல். அவர் மேசையைப் பிடித்தபடி எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

பதினொரு மணிக்குத் தூதரகத்து இளைஞர் வந்தார். மரியாதையான பிள்ளை. கதவருகே நின்று குனிந்து, "மாண்புமிகு சனாதிபதி அவர்களே" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று மானுவல் திரும்பிப் பார்த்தார்.

நாடு அவரைக் கௌரவிக்க விரும்புகிறது, சுதந்திர விழா மேடையில் அவர் இருக்க வேண்டும், கடைசிக் காலத்தைச் சொந்த மண்ணிலேயே கழிக்கலாம் என்றெல்லாம் இளைஞர் சொன்னார். எலேனா எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தகப்பனுக்கு நாடு கடைசியில் நியாயம் செய்கிறது. ஆனால் அந்த மேடையில் பக்கத்தில் இருக்கப்போகிறவர்கள் அன்று அவரை வெளியேற்றிய அதே அதிகாரிகள்.

அவள் அவர் முன்னால் முழந்தாளிட்டு, வீட்டுக்குப் போக விருப்பமா என்று கேட்டாள். அவரோ இளைஞரைப் பார்த்து வேறொன்று கேட்டார்: "அந்த மனிதனுக்குச் சட்டத்தரணி கிடைத்துவிட்டாரா?"

எந்த மனிதன் என்று இளைஞருக்குத் தெரிந்திருந்தது. "ஐயா, அவரை அப்போதே..." என்று தொடங்கினார். எலேனா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். மானுவல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்; அவர் பார்வை என்னிடம் நின்றது.

"நீங்களா?" என்றார்.

மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. நீதிமன்றத்தில் தெரிந்து ஒரு பொய் சொன்னவள் இல்லை நான். தங்கையைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ அக்கா," என்றாள் அவள்.

"ஓம். அவருக்காக நான் வந்திருக்கிறன்," என்றேன். எலேனா அதை அவருடைய மொழியில் சொன்னாள்.

அவர் தோள்கள் தளர்ந்தன. கதிரையில் இருந்தபடியே, பக்கத்தில் இருக்கும்படி எனக்கும் கை காட்டினார். பிறகு முழு வழக்கையும் என்னிடம் ஒப்படைத்தார். முதலில் தவணை கேளுங்கள், வழக்கைப் படிக்க நாள் வேண்டும், என்றார். குரலை உயர்த்தாதீர்கள், நீதிபதிகள் பயந்துபோயிருக்கிறார்கள். அவன் கெட்டவன், அதை ஒத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தாய் இருக்கிறாள், அவளை முன்வரிசையில் இருத்துங்கள். எலேனா விக்கி விக்கி மொழிபெயர்த்தாள். பாதியில் அவளால் முடியவில்லை. மீதியை அந்த இளைஞர் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார்.

அவர் களைத்துக் கண் மூடியதும் எலேனா முகத்தைத் துடைத்தாள். "அவர் எங்கேயும் வரமாட்டார்," என்றாள். இளைஞர் தலையசைத்தார். பயணத்துக்கு உடல்நிலை இடம் தரவில்லை என்று அறிவித்துவிடுவதாகச் சொன்னார். போகுமுன், தூங்குகிறவருக்கு முன்னால் போய், வந்தபோது குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விடைபெற்றேன். மன்னாரில், வழக்குக்குப் போகும் மகனை வழியனுப்பும் தாய்மார் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார்கள். இங்கே விடைபெறுவது சுருக்கமானது. கையை ஆட்டினால் முடிந்தது. மானுவல் இரண்டும் செய்யவில்லை. முதல் வழக்குக்குப் போகும் இளையவருக்குச் செய்வதுபோல் என் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டார். "போங்கள், நீதிமன்றத்தைக் காக்கவைக்கக் கூடாது," என்றார்.

ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. இருந்தும் நிலையம்வரை வேகமாகத்தான் நடந்தேன்.