அம்மா அடித்த ஆணிகள்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது அம்மாவின் மல்லாட்டைக் கொட்டகையில் ஒருவேளை சாப்பிட்டிருப்பீர்கள். எனவே கொட்டகையை வைத்தே அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அண்ணன் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். "கட்டடம் படிச்சவ நீதான், நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்.

அம்மா பிறந்தது அடி அண்ணாமலையில். ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது, ஒரே பெண். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நாங்கள் பிறந்தோம். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். உடலை வீட்டுக்குள் கொண்டுவர வீட்டுக்காரர் ஒப்பவில்லை. வாடகை வீடு, வேறு ஆள் குடிவர மாட்டார்கள் என்றார். அப்பாவைத் தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தினோம். அம்மா பிறகு அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

அதன்பின் அம்மாவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அதிலேயே ஓய்வும் பெற்றார். டவுனிலும் வேங்கிக்காலிலுமாக ஏழு வாடகை வீடுகள் மாறினோம். எனக்கு எதையும் பட்டியலாக நினைவில் வைப்பதுதான் வழக்கம். அந்த வீடுகளை அவற்றின் தடைகளால் நினைவு வைத்திருக்கிறேன். இரண்டாவது வீட்டில் அம்மியில் அரைக்கக் கூடாது. நான்காவதில் விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஐந்தாவதில் முருங்கைக்கன்று வைத்ததற்கே காலி செய்யச் சொன்னார்கள். ஏழிலும் பொதுவானது ஒன்று உண்டு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்பாவின் படம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பீரோவின்மீது சாய்ந்தே நின்றது.

ஓய்வு பெற்ற மாதமே அம்மா மாமாக்களிடம் போய்த் தன் பங்கைக் கேட்டார். அவர்களும் ஒன்றரை ஏக்கரையும் அதிலிருந்த பழைய கொட்டகையையும் மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். அறுவடையான காயைக் கொட்டி வைக்கவும், ஓரமாக மாடு கட்டவும் எழுப்பிய நீளமான கட்டடம் அது. மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு. பல ஆண்டுகளாகக் கதவைத் திறந்தவர் இல்லை. அதில்தான் குடியிருக்கப் போவதாக அம்மா சொன்னார்.

நான் ஒரு நாள் முழுக்க அளந்து, குறைகளை எழுதினேன். பத்தொன்பது வந்தது. கரையான் தின்ற உத்திரங்கள் முதலிடத்தில் இருந்தன. அதைப் படித்தால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, "சரி, இதுல எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டார். என் குறைப்பட்டியல் அவருக்கு வேலைப்பட்டியலாகத் தெரிந்திருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த அண்ணனுக்குச் சம்மதமில்லை. "ஒரு மழைக்காலம் பார்க்கலாம். தீபத்துக்கு வருவேன். அதுக்குள்ள ஒரு சுவர் பிசகுனாலும் என்கூட கிளம்பிடணும், சொல்லிட்டேன்" என்றார்.

"இவ பாஸ்னு சொன்னா இருக்கேன். ஃபெயில்னு சொன்னா பொட்டியக் கட்டிடறேன்" என்று அம்மா என்னைக் காட்டினார்.

வேலை தொடங்கியது. ஓடுகளை இறக்கி, உத்திரங்களை மாற்றி, மறுபடி ஓடு வேய்ந்தோம். இடையில் அம்மா ஒரு திருமணத்துக்காக ஆரணிக்குப் போய் ஐந்து நாள் தங்கினார். திரும்பி வரும்போது மகிழட்டுமே என்று, மழை அதிகம் அடிக்கும் மேற்குச் சுவரின் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, உள்ளும் புறமும் சிமெண்ட் பூசச் சொன்னேன். மேஸ்திரி ஒரு கணம் தயங்கினார். நான் சிமெண்ட் எத்தனை மூட்டை என்று சொன்னேன், அவர் பூசிவிட்டார்.

ஐப்பசி மழையில் மூன்று சுவர்கள் அப்படியே நின்றன. நான் காப்பாற்றிய மேற்குச் சுவர் மட்டும் நடுவில் வயிறு தள்ளியது. தட்டிப் பார்த்தேன், பூச்சுக்குப் பின்னால் மண் கரைந்து பொத்தென்று சத்தம் வந்தது. சுவரின் உச்சியில் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் செய்தது நான்தான். தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. பேசாமல் இருந்தால் அண்ணனுக்குத் தெரியப்போவதில்லை. நான் சொல்வதை அப்படியே நம்புவார். ஆனால் அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மாவின் கட்டில் கிடந்தது.

"அம்மா, மேற்குச் சுவர் ஃபெயில்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஏன், காலையில நல்லாத்தான நின்னுகினு இருந்துச்சு?"

"நான் சிமெண்ட் பூசுனதாலதான். உள்ள போன தண்ணி வெளிய வர முடியல. மண்ணு ஊறிப்போச்சு."

"செவுத்துக்கு ரெயின்கோட்டப் போட்டு உள்ளயே வேர்க்க வுட்டுட்ட."

"ஆமாம்மா."

"கழட்டிடு. அதுக்கு ஏன்டி அழுவுற?"

மறுநாளே கூரைக்கு முட்டுக் கொடுத்துப் பூச்சை உரித்து, ஊறிய சுவரை இடித்தோம். "பூசும்போதே சொல்லலாம்னு பார்த்தேங்க" என்றார் மேஸ்திரி.

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கையில கால்குலேட்டர் வெச்சிருந்தீங்க."

அம்மா சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது.

தீபத்தன்று அண்ணன் வந்தபோது மேற்குச் சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. மீதிக்குத் தார்ப்பாய். சொன்ன சொல்லுக்காக அம்மா பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தார். நான் அண்ணனிடம் எதையும் மறைக்கவில்லை. நடந்தது என்ன, ஏன் நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் மற்ற மூன்று சுவர்களையும் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தன.

"அப்போ ஃபெயிலானது நீதான். கொட்டகை இல்லையே?" என்றார்.

"இல்ல."

"யம்மா, இவளைத்தான் இட்டுகினு போவணும் போலருக்கு. நீ பொட்டியப் பிரி."

ஆறு மணிக்கு மலைமேல் தீபம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகே வாசலில் எங்கள் விளக்குகளை ஏற்றினோம். தூறலில் நனைந்திருந்த அண்ணன், "சட்டைய எங்கம்மா மாட்டுறது?" என்று கேட்டார். அம்மா சுத்தியலோடு வந்தார். மண்சுவரில் ஆணி நிற்காது, தூணில் அடிக்கலாம் என்றேன். "நீ கம்முனு இரு" என்று கிழக்குச் சுவரிலேயே நீள ஆணியாக ஒன்று அடித்தார். நின்றது. அடுத்ததை அடித்து அப்பாவின் படத்தை மாட்டினார்.

பிறகு ஐந்து ஆண்டுகள் அம்மா அங்கே இருந்தார். இரண்டு மாடு, கோழிகள், மானாவாரி மல்லாட்டை, கிணற்றடியில் காய்கறி, வாசலிலேயே முருங்கை. என் பங்காகச் சாண எரிவாயுத் தொட்டி. அது முதல் முறையே சரியாக எரிந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோருக்கு மோர் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு அளந்தே பழகிய கைக்கு நான்கு பேருக்கு உலை வைக்கத் தெரியாது. "ஜாஸ்தியாப் போச்சு, சாப்ட்டுப் போங்க" என்று யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். விருந்தாளிகள் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கினார்கள்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை. பால் வாங்க வந்த பக்கத்து நிலத்து அக்காதான் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். அம்மா சிரமப்படவில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். துக்கத்துக்கு நடுவில் எங்கள் இருவருக்குமே மூச்சு இலகுவானது. அம்மாவை நடுக்கூடத்தில் கிடத்தினோம். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று ஓடிவந்து மாடுகளைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், நிலத்தைத் தந்த மாமாக்களுக்கும், பந்தல் போட்டு மூன்று நாளும் கூடவே இருந்த மேஸ்திரிக்கும், மழையில் நனைந்து வந்து நின்ற உங்கள் அனைவருக்கும் அண்ணனும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். கொட்டகையில் இப்போது நான் இருக்கிறேன். இந்த மழைக்காலத்திலும் நான்கு சுவர்களையும் தொட்டுப் பார்த்தேன், காய்ந்தே இருக்கின்றன. கிழக்குச் சுவரில் அம்மா அடித்த ஆணிகள் இருபத்து மூன்று. அம்மாவின் படத்தை மாட்டப் புதிதாக ஒன்று அடிக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அவரே ஒன்றை அடித்துக் காலியாக விட்டிருந்தார்.